இது என்ன மரம்? கையில் இருக்கும் துண்டை வைத்தே கண்டுபிடிக்கும் வழி

பழைய அலமாரி ஒன்றைப் பிரித்ததில் கிடைத்த நான்கு பலகைகள் என்னிடம் வெகுநாளாகக் கிடந்தன. கரும்பழுப்பு நிறம், ஊடே கறுப்புக் கோடுகள். பார்த்தவர்கள் எல்லோரும் ஈட்டி (ரோஸ்வுட்) மரம் என்றார்கள், நானும் நம்பினேன். ஒரு பெட்டி செய்யலாம் என்று ஒன்றை எடுத்து இழைத்தபோதுதான் உறுத்தியது. ஈட்டியை இழைத்தால் வரும் இனிப்பு வாசனை துளியும் இல்லை, கூடவே விடாமல் தும்மல். அது என்ன மரம் என்று உறுதியாகத் தெரிந்துகொள்ள எனக்கு மூன்று வாரம் ஆனது. முறை தெரிந்திருந்தால் அரை மணி நேர வேலை. அந்த அரை மணி நேரத்தைத்தான் இங்கே எழுதுகிறேன், நான் தடுக்கி விழுந்த இடத்தைக் கொஞ்சம் நீட்டியே.

முதலில் ஒன்று: நிறத்தை வைத்து முடிவுக்கு வராதீர்கள். எல்லோரும் அங்கேதான் ஆரம்பிக்கிறோம், அங்கேதான் ஏமாறுகிறோம். வெட்டிய அன்று மஞ்சளாக இருக்கும் பலா நாளாக நாளாகப் பழுப்பாகிறது. செர்ரி மரம் வெளிச்சம் பட்டால் கறுக்கும், வால்நட் வெளுக்கும், செக்கச் செவேலென்று இருக்கும் படாக் மரம் சில வருடங்களில் மங்கிப் பழுப்பாகிவிடும். ஒரே மரத்தின் வைரமும் (நடுக்கட்டை) வெள்ளையும் (ஓரக்கட்டை) இரண்டு வேறு மரங்கள் போலத் தெரியும். இதற்கு மேல் சாயம், வார்னிஷ், எண்ணெய், பல வருடப் புகை. உலகத்தில் ஏறக்குறைய 60,000 மர இனங்கள் இருக்கின்றன, பழுப்பு நிறங்கள் அத்தனை இல்லை.

நம்ப வேண்டியது பலகையின் முனையை. நாருக்குக் குறுக்கே அறுத்த முகம், அதாவது குறுக்குவெட்டு. மரம் தண்ணீர் ஏற்றிய குழாய்கள் (வெட்டிய முகத்தில் துளைகளாகத் தெரிபவை), உணவு சேர்த்து வைத்த திசு, ஆண்டு வளையம் எல்லாம் அங்கேதான் ஒரே பார்வையில் தெரியும். சாயம் அதை மாற்றாது, வயதும் பெரிதாக மாற்றாது.

தேவையான சாமான்கள்

அதிகம் ஒன்றுமில்லை. புது பிளேடு சில, பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸ், கொஞ்சம் தண்ணீர், அளவுகோல், கிராம் காட்டும் ஒரு தராசு.

லென்ஸ் விஷயத்தில் எனக்குப் பிடிவாதம் உண்டு. பத்து மடங்கு போதும். முப்பது, அறுபது என்று எழுதி விற்கும் மடக்கு லென்ஸ்களை வாங்காதீர்கள். தெரியும் பரப்பு மிகச் சிறியதாகிவிடும், இரண்டு துளைகள் மட்டும் பெரிதாகத் தெரிந்தால் அவை எப்படி வரிசை கட்டி நிற்கின்றன என்பது தெரியாது. நமக்கு வேண்டியதே அந்த வரிசைதான். நகை பார்க்கிறவர்கள் வைத்திருப்பது போன்ற, மூன்று கண்ணாடி சேர்த்துச் செய்த பத்து மடங்கு லென்ஸ் ஒன்று போதும், ஆயுளுக்கும் வரும்.

அதைப் பிடிக்கும் முறையும் முக்கியம். செய்தித்தாள் படிக்க பூதக்கண்ணாடி பிடிப்பது போல மரத்துக்குப் பக்கத்தில் லென்ஸை வைத்துவிட்டுத் தள்ளி நின்று பார்க்கக்கூடாது. லென்ஸைக் கண்ணோடு ஒட்டிப் பிடித்துக்கொண்டு, மரத்தைத்தான் லென்ஸை நோக்கிக் கொண்டுவர வேண்டும். சுமார் இரண்டரை செ.மீ. தூரத்தில் சட்டென்று தெளிவாகும். வெளிச்சம் பக்கவாட்டில் இருந்து விழட்டும்.

முதல் படி: அது உண்மையிலேயே கட்டைதானா?

மேல்முகத்தில் இருக்கும் ரேகை முனையைத் தாண்டி எப்படிப் போகிறது என்று பாருங்கள். முழு மரமாக இருந்தால் மேலே தெரியும் கோடு விளிம்பில் மடங்கி, முனையில் வளையமாகத் தொடரும். மேலே அழகான ரேகை, முனையில் அடுக்கடுக்காகக் கோடு என்றால் ஒட்டுப்பலகை. அதன் மேல் ஒட்டிய மெல்லிய தோல் மட்டும்தான் அந்த அழகான மரம். முனையில் வெறும் தூள் அழுத்தியது போல இருந்தால் இந்த முறை உதவாது. ஒரே முடிச்சு, ஒரே ரேகை இரண்டு இடத்தில் அச்சாகத் திரும்ப வருகிறதென்றால் அது அச்சடித்த தாள்.

மேசை நாற்காலி என்றால் ஒவ்வொரு பாகத்தையும் தனித்தனியாகப் பாருங்கள். கால் ஒரு மரம், பலகை ஒரு மரம், உள்சட்டம் வேறு மரம் என்பது சர்வ சாதாரணம். 1932இல் அமெரிக்காவில் விமானி சார்லஸ் லிண்ட்பெர்க்கின் குழந்தையைக் கடத்தியவர்கள் விட்டுச் சென்ற ஏணியை ஆராய்ந்தவர் ஆர்தர் கோலர் என்ற மரவியல் நிபுணர். ஒரே ஏணியில் பைன் வகைகள், டக்ளஸ் ஃபிர், பிர்ச் என்று பல மரங்கள் இருந்தன. அதில் ஒரு சட்டத்தின் வளையங்களும் ஆணித் துளைகளும் குற்றம் சாட்டப்பட்டவர் வீட்டு மாடித் தளப் பலகையோடு பொருந்துவதை அவர் 1935இல் நீதிமன்றத்தில் காட்டினார். இந்தக் கதை எனக்குப் பிடிப்பதற்குக் காரணம் குற்றம் இல்லை. ஒவ்வொரு துண்டையும் தனி மரமாக நடத்திய அந்தப் பொறுமை.

இரண்டாம் படி: வெட்டுவது

நான் மூன்று வாரம் வீணடித்தது இங்கேதான், அதனால் நிறுத்தி நிதானமாகச் சொல்கிறேன்.

ரம்பத்தால் அறுத்த முனையை லென்ஸில் பார்த்தால் ஒன்றும் தெரியாது. கிழிந்த நார்தான் தெரியும். நான் என்ன செய்தேன் என்றால், உப்புத்தாள் போட்டுத் தேய்த்தேன். 80, 120, 220, 400 என்று ஒவ்வொன்றாக ஏற்றினேன். முனை கண்ணாடி போலப் பளபளத்தது. லென்ஸில் பார்த்தால் வெறும் பழுப்புப் பரப்பு, அங்கங்கே மங்கலான புள்ளிகள். துளைகளே இல்லை, ஆகவே இது பைன் வகையாகத்தான் இருக்க வேண்டும் என்றுகூட ஒரு நாள் முழுக்க நினைத்துக்கொண்டிருந்தேன். நடந்தது இதுதான்: தேய்க்கத் தேய்க்க அந்த நுண்தூள் எல்லாம் துளைகளுக்குள் போய் அடைந்துகொண்டது. நான் பார்க்க வேண்டியதை நானே பூசி மெழுகியிருந்தேன்.

உப்புத்தாளே கூடாது என்று சொல்லவில்லை. மிக நுண்ணிய தாள்கள் வரை பொறுமையாகப் போய், காற்றடித்துத் தூளை வெளியேற்றிப் படம் எடுப்பவர்கள் இருக்கிறார்கள். ஆரம்பத்தில் அது வேண்டாம். பிளேடுதான்.

எப்படி என்றால், முனையில் ஒரு சிறு இடத்தைத் தேர்ந்தெடுங்கள், ஐந்து மில்லிமீட்டர் சதுரம் போதும். முழு முனையையும் சீவ முயன்றால் பிளேடு போகும், விரலும் போகும். அந்த இடத்தில் ஒரு சொட்டுத் தண்ணீர் தடவி அரை நிமிடம் விடுங்கள். பிளேடைக் கிட்டத்தட்டப் படுக்க வைத்து, தள்ளாமல், பக்கவாட்டில் இழுத்துக்கொண்டே சீவுங்கள். கத்தியால் அழுத்தாமல் அறுப்பது போல. வருவது பொடியாக உதிர்ந்தால் சாய்வு அதிகம், அல்லது பிளேடு மழுங்கிவிட்டது. மெல்லிய இதழாகச் சுருண்டு வந்தால் சரி. அந்த இதழ் எவ்வளவு மெல்லியதோ அவ்வளவு சுத்தமாக அடியில் பரப்பு இருக்கும். இரண்டு மூன்று சீவலுக்கு ஒருமுறை பிளேடின் புதுப் பகுதிக்கு மாறுங்கள். மழுங்கிய பிளேடு குழாய்களை வெட்டாது, நசுக்கும். மரத்தை ஏதாவது பிடியில் இறுக்கி வையுங்கள், கை எப்போதும் பிளேடு போகும் திசைக்குப் பின்னால் இருக்கட்டும்.

சீவிய இடத்தை மறுபடியும் ஈரமாக்கி லென்ஸை எடுங்கள். நான் முதன்முதலாக இப்படிச் சீவிவிட்டுப் பார்த்த நொடி இன்னும் நினைவிருக்கிறது. மூன்று வாரம் மூடிக் கிடந்த சுவரில் யாரோ ஜன்னல் திறந்தது போல, துளைகள், அவற்றைச் சுற்றி வெளிறிய வளையங்கள், நடுவே மயிரிழை போன்ற கோடுகள், எல்லாம் ஒன்றாக வந்து நின்றன.

மூன்றாம் படி: துளை இருக்கிறதா, இல்லையா?

இதுதான் முதல் கேள்வி, பதில் கிடைத்ததும் பாதி உலகம் கழிந்துவிடும்.

துளைகளே இல்லாமல், பரப்பு முழுவதும் சீராக, வெளிர் பட்டை கரும் பட்டை என்று வளையங்கள் மட்டும் தெரிந்தால் ஊசியிலை மரம்: பைன், தேவதாரு, ஸ்ப்ரூஸ், சைப்ரஸ் இனத்தவை. இவற்றில் தனிக் குழாய்கள் கிடையாது, டிரக்கீடுகள் என்ற நுண்செல்களே தண்ணீர் ஏற்றும் வேலையைச் செய்கின்றன. ஒரு எச்சரிக்கை: பைனில் பிசின் நாளங்கள் உண்டு, அவை புள்ளிகளாகத் தெரியும். அதைத் துளை என்று எண்ணிவிடாதீர்கள். அவை அங்கொன்றும் இங்கொன்றுமாக, பெரும்பாலும் வளையத்தின் கரும் பகுதியில் இருக்கும். பைனில் பெரிதாக நிறைய இருக்கும், ஸ்ப்ரூஸில் சிறிதாகக் குறைவாக இருக்கும். தேவதாரு, சைப்ரஸ், ஜூனிப்பர் போன்றவற்றில் இயல்பாக இருக்காது. பெயர் வரை போக இந்த ஒரு வித்தியாசமே நிறைய உதவும்.

துளைகள் இருந்தால் அகன்ற இலை மரம். இனி அவை எப்படி நிற்கின்றன என்று பார்க்க வேண்டும்.

நான்காம் படி: துளைகளின் வரிசை

வளையத்தின் தொடக்கத்தில் பெரிய துளைகள் வரிசையாக நின்று, அதன்பின் சட்டென்று சிறுத்துவிட்டால் அது வளையத் துளைக் கட்டை. ஓக், ஆஷ், எல்ம், சந்தன வேம்பு இப்படி. தேக்கும் இந்தப் பக்கம்தான். வளையத் தொடக்கத்தில் ஒரு வரிசை பெரிய துளை, சிலவற்றுக்குள் வெள்ளையாகப் படிவு. தேக்கு என்று சொல்லிக் கொடுத்த பலகையில் இந்த வளைய வரிசை அடியோடு இல்லை என்றால் நான் அடுத்த கேள்விக்கே போகமாட்டேன். தேக்கு நிறத்தில் இருக்கும் அக்கேசியா வகைகளை இப்படித்தான் பிரிப்பது.

பெரியதில் இருந்து சிறியதாகப் படிப்படியாக மாறினால் இடைப்பட்ட வகை, வால்நட் நல்ல உதாரணம். வளையம் முழுக்க ஒரே மாதிரித் துளைகள் பரவிக் கிடந்தால் பரவல் துளைக் கட்டை: மேப்பிள், பீச், மகோகனி, வாகை, ரப்பர் மரம் எல்லாம் இதில் சேரும். வெப்ப மண்டல மரங்களில் பெரும்பாலானவை பரவல் வகை. அவற்றில் வளையமே தெளிவாக இல்லாமல் போகலாம், தெரிந்தாலும் அது ஒரு வருடம் என்று சொல்ல முடியாது.

துளைக்குள்ளும் எட்டிப் பாருங்கள். வெள்ளை ஓக்கில் துளைகள் டைலோஸ் என்ற நுரை போன்ற திசுவால் அடைபட்டிருக்கும், செவ்வோக்கில் பெரும்பாலும் திறந்தே இருக்கும். அதனால்தான் பீப்பாய் செய்ய வெள்ளை ஓக். இதை வாயாலேயே சோதிக்கலாம்: செவ்வோக்கின் சிறு சட்டம் ஒன்றின் ஒரு முனையைச் சோப்புத் தண்ணீரில் வைத்து மறுமுனையில் ஊதினால் குமிழி வரும். மகோகனித் துளைகளில் செம்பழுப்புப் பிசின் மின்னும்.

ஐந்தாம் படி: வெளிறிய திசு

என் பலகையின் பெயரைச் சொன்னது இதுதான். ஆரம்பத்தில் யாரும் கவனிக்காததும் இதுதான், துளையை மட்டும் பார்த்துவிட்டு நகர்ந்துவிடுகிறோம்.

துளைகளைச் சுற்றியோ துளைகளுக்கு நடுவிலோ, கட்டையின் மற்ற பகுதியைவிட வெளிறிய ஒரு திசு தெரியும். பாரன்கைமா என்று பாடப்புத்தகத்தில் படித்திருப்பீர்கள், மரம் உணவு சேர்த்து வைக்கும் இடம். இது எப்படி அமைந்திருக்கிறது என்பது மரத்துக்கு மரம் வேறு. துளையைச் சுற்றிக் குண்டாக ஒரு வளையம் போட்டிருக்கலாம். இருபுறமும் கூர்ந்து கண் வடிவில் இருக்கலாம். இறக்கை போல நீண்டு பக்கத்துத் துளையோடு கைகோக்கலாம். ஆல், அத்தி வகைகளில் துளையைச் சட்டையே செய்யாமல் தனிப் பட்டைகளாக ஓடும். மகோகனியில் வளையத்தின் எல்லையில் மட்டும் ஒரு மெல்லிய வெளிர்க் கோடு.

என் பலகையில் துளைகள் பெரியவை, வெறும் கண்ணுக்கே தெரியும் அளவு, ஒவ்வொன்றையும் சுற்றித் தடிமனாக ஒரு வெளிர் வளையம், சில இடங்களில் கண் வடிவம். வளைய வரிசை இல்லை. ஈட்டியில் இப்படி இருக்காது. அதில் வெளிர் திசு மெல்லிய அலைக்கோடுகளாகத் துளைகளுக்கு ஊடே ஓடும். நண்பர் ஒருவர் கொடுத்த உண்மையான ஈட்டித் துண்டைப் பக்கத்தில் வைத்துச் சீவிப் பார்த்தேன், இரண்டும் ஒன்றில்லை என்பதில் சந்தேகமே இல்லாமல் போயிற்று. வாகைத் துண்டு ஒன்றைச் சீவி வைத்தபோது இரண்டும் அண்ணன் தம்பி போல இருந்தன. அந்தத் தும்மலுக்கும் காரணம் புரிந்தது, வாகைத் தூள் அப்படிச் செய்யும்.

(தூள் பற்றிச் சொல்லிவிடுகிறேன். வாகை மட்டுமில்லை, ஈட்டி இனத்துத் தூளும் பலருக்குத் தோலிலும் மூக்கிலும் ஒவ்வாமை தரும். பெயர் தெரியாத மரத்தை இழைக்கும்போது முகக்கவசம் கட்டாயம்.)

ஆறாம் படி: கதிர்கள், அப்புறம் பக்க முகங்கள்

குறுக்குவெட்டில் வளையங்களைக் குறுக்கே வெட்டிக்கொண்டு நடுவில் இருந்து மரப்பட்டையை நோக்கி ஓடும் கோடுகள்தான் கதிர்கள். சில மரங்களில் லென்ஸ் இல்லாமல் தெரியாது. ஓக்கில் தூரத்தில் இருந்தே தெரியும், அத்தனை அகலம். ஓக்கும் ஆஷும் குழப்பினால் இதைப் பாருங்கள், ஆஷில் அந்த அகலக் கதிர் கிடையாது.

சில்வர் ஓக் பெயரில் மட்டும்தான் ஓக். அதிலும் அகலக் கதிர்கள் உண்டு, பலகையில் ஓக் போலவே பளபளக்கும் திட்டுகள் விழும், அதனால் பலரும் குழம்புகிறார்கள். குறுக்குவெட்டில் பார்த்தால் கதிர்களுக்கு இடையே துளைகள் தோரணம் கட்டியது போல வளைந்து தொங்கும். ஒருமுறை பார்த்தால் மறக்காது.

இப்போது பலகையின் அகன்ற முகத்துக்கு வாருங்கள். ரேகை மலை மலையாகத் தெரியும் முகம்தான் வேண்டும், நேர்கோடுகளாகத் தெரியும் முகம் இல்லை. அதைச் சுத்தமாக இழைத்து, சாய்ந்த வெளிச்சத்தில் பிடித்தால், சில மரங்களில் நாருக்குக் குறுக்கே நெருக்கமாக மெல்லிய வரிகள் தெரியும், மணலில் அலை விட்டுப்போன தடம் மாதிரி. ஈட்டியில் இது உண்டு, மகோகனியிலும் பெரும்பாலும் உண்டு. ஆப்பிரிக்க மகோகனி என்று விற்கப்படும் காயா மரத்தில் வழக்கமாக இருக்காது, எல்லையில் அந்த வெளிர்க் கோடும் பொதுவாக இருக்காது. என் பலகையில் எவ்வளவு சாய்த்துப் பார்த்தும் வரி இல்லை.

ஏழாம் படி: எடை, வாசனை, இன்ன பிற

இவை சாட்சிகள்தான், தீர்ப்பு இல்லை. இதில் எனக்குப் பிடித்தது எடை, ஏனென்றால் அது எண்.

10 செ.மீ. நீளம், 5 செ.மீ. அகலம், 2 செ.மீ. கனம் என்று ஒரு துண்டைச் சதுரமாக வெட்டினால் சரியாக 100 கன செ.மீ. அதன் எடை எத்தனை கிராமோ அதை நூறால் வகுத்தால் அடர்த்தி, கணக்கே வேண்டாம். என் துண்டு 64 கிராம், ஆக 0.64. ஈட்டி என்றால் 0.8ஐ ஒட்டியோ அதற்கு மேலோ வர வேண்டும். தேக்கு 0.65 சுற்றில் நிற்கும், பால்சா 0.15 அளவுதான். செஞ்சந்தனத்தின் வைரம் தண்ணீரில் மூழ்கும். ஒரே இனத்தில்கூட மரத்துக்கு மரம் எடை மாறும், அதனால் 0.64க்கும் 0.68க்கும் நடுவில் பெயர் தேடாதீர்கள். மரம் நன்றாகக் காய்ந்திருக்க வேண்டும் என்பதும் முக்கியம், பச்சை மரத்தின் எடை தண்ணீரின் எடை.

வாசனைக்குப் புதிதாகச் சீவிய இடத்தை மட்டும் முகருங்கள், பழைய பரப்பில் வார்னிஷ்தான் மணக்கும். வாசனை மங்கலாக இருந்தால் சீவல்களை ஒரு மூடி போட்ட டப்பாவில் போட்டு இரண்டு சொட்டு வெந்நீர் விட்டு, பத்து நிமிடம் கழித்துத் திறங்கள். தேக்குக்குப் பழைய தோல் பை போல ஒரு வாசனை, தொட்டால் லேசாக மெழுகுப் பிசுக்கு.

வேங்கைக்கு ஒரு அழகான சோதனை இருக்கிறது. சீவல்களைக் கண்ணாடித் தம்ளர் தண்ணீரில் ஊறவையுங்கள். தண்ணீர் பழுப்பு மஞ்சளாகும், அதைக் கறுப்புத் துணிக்கு முன்னால் வெயிலில் பிடித்தால் மேலே நீல ஒளி மிதக்கும். இதே பேரினத்தை (நெருங்கிய இனங்களின் கூட்டம்) சேர்ந்த பிலிப்பைன்ஸ் நர்ரா மரத்தில் கடைந்த கோப்பைகள் ஒரு காலத்தில் ஐரோப்பாவில் பெரிய அதிசயம். ராபர்ட் பாயில் 1664இல் இந்த நிற மாற்றத்தை விவரித்து எழுதியிருக்கிறார். செஞ்சந்தனமும் அதே பேரினம், அதனால் நீலம் தெரிந்ததும் வேங்கை என்று முடித்துவிடாமல் எடையையும் பாருங்கள்.

வினிகரில் இரும்புக் கம்பளி ஊறவைத்த தண்ணீரை ஒரு சொட்டு விட்டால் டானின் (துவர்ப்புப் பொருள்) மிகுந்த மரம் கறுக்கும் என்பதும் உண்மை, ஓக்கில் பளிச்சென்று தெரியும். ஆனால் டானின் உள்ள மரங்கள் ஏராளம், எனக்கு அந்தச் சோதனையில் பெரிய நம்பிக்கை இல்லை. கருங்காலி என்று கொடுத்த கட்டையைச் சாராயத்தில் நனைத்த பஞ்சால் துடைத்துப் பார்ப்பது உபயோகமானது. கறுப்பு பஞ்சுக்கு வந்தால் சாயமாக இருக்க வாய்ப்பு அதிகம். ஒரு ஓரத்தை ஆழமாகச் சீவிப் பார்த்து உறுதி செய்யுங்கள்.

எதோடு ஒப்பிடுவது?

பார்த்ததை எல்லாம் எழுதிய பிறகு இந்தக் கேள்வி வரும். இணையத்தில் இன்சைட்வுட் என்ற தரவுத்தளம் இருக்கிறது, வட கரோலினா மாநிலப் பல்கலைக்கழகத்தின் வேலை. குணங்களைக் கொடுத்துத் தேடலாம். பெரும்பாலான குணங்கள் நுண்ணோக்கியில் பார்ப்பவை என்றாலும் துளை வரிசை, வெளிர் திசு இரண்டையும் லென்ஸிலேயே பார்த்துக் கொடுத்துவிடலாம். பன்னாட்டு மர உடற்கூறியலாளர் சங்கம் 1989இல் வெளியிட்ட 163 குணங்கள் கொண்ட பட்டியலை ஒட்டித்தான் அது இயங்குகிறது.

ஆனால் என் அனுபவத்தில் எதைவிடவும் உதவியது ஒரு அட்டைப்பெட்டி. பெயர் நிச்சயமாகத் தெரிந்த மரத்துண்டு எது கிடைத்தாலும், வெட்டிப் போட்ட கிளையாக இருந்தாலும் சரி, காயவைத்து ஒரு முனையைச் சீவி, பெயரும் தேதியும் எழுதிப் பெட்டியில் போடுகிறேன். மரம் இலையோடு நிற்கும்போதே பெயர் தெரிந்தால் இன்னும் நல்லது. இப்போது நாற்பதுக்கு மேல் இருக்கிறது. புதுத் துண்டு வந்தால் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறேன், படத்தில் தெரியாதது பக்கத்தில் வைத்தால் தெரிகிறது. கிளைக்கட்டை என்றால் அடிமரத்தின் வைரம் அதில் இருக்காது, அதையும் சீட்டில் எழுதி வைப்பேன்.

கைபேசியில் மேல்முகத்தைப் படம் எடுத்தால் பெயர் சொல்லும் செயலிகளை நான் பயன்படுத்துவதில்லை. மேல்முகத்தின் படத்தில் இருப்பது நிறமும் ரேகையும்தான், நாம் ஒதுக்கிவிட்டு வந்ததே அவற்றைத்தான்.

எங்கே நிறுத்துவது?

லென்ஸ் பெரும்பாலும் பேரினம் வரைதான் அழைத்துப் போகும். இது ஓக், இது வெள்ளை ஓக் கூட்டம் என்று சொல்லலாம். அந்தக் கூட்டத்துக்குள் எந்த ஓக் என்பது நிபுணர்களாலேயே கட்டையை மட்டும் வைத்துப் பிரிக்க முடியாதது. என் பலகையை நானும் வாகை இனம் என்றுதான் எழுதி வைத்திருக்கிறேன். பெட்டி செய்ய அது போதும். விற்கவோ நாடு விட்டு நாடு அனுப்பவோ போகிறீர்கள் என்றால் போதாது. ஈட்டி சேர்ந்த டால்பெர்ஜியா பேரினம் முழுவதும் 2017 ஜனவரி முதல் பன்னாட்டு வணிகக் கட்டுப்பாட்டில் இருக்கிறது, அங்கே பெயரை ஆய்வகத்தில் உறுதி செய்துகொள்வதுதான் பாதுகாப்பு.

பிறகு சேர்த்தவை

இதைப் படித்துச் செய்து பார்த்தவர்கள் கேட்டதை வைத்துச் சிலவற்றைச் சேர்க்கிறேன்.

ஒருவருக்குக் கட்டை இரும்பு போல இருந்து பிளேடே இறங்கவில்லை. துண்டு சின்னதாக இருந்தால் அரை மணி நேரம் கொதிநீரில் போட்டு, சூடு ஆறுவதற்குள் சீவுங்கள். இடுக்கியால் எடுங்கள். பொருளின் பாகமாக இருந்தால் ஈரத்துணியை முனையில் சுற்றி ஒரு இரவு விடலாம், நிறம் மாறினாலும் பரவாயில்லை என்ற மறைவான இடத்தில் மட்டும்.

இன்னொருவர் அனுப்பிய படம் என்னையே திகைக்க வைத்தது. வளையம் இல்லை, கதிர் இல்லை, வெளிர் பரப்பு முழுக்கக் கரும்புள்ளிகள் இறைந்து கிடந்தன, ஒரு ஓரத்தில் நெருக்கமாக, மறு ஓரத்தில் கலைந்து. மேல் படிகள் எதற்கும் அது பொருந்தவில்லை. அது பனை. பனை, தென்னை எல்லாம் இந்த அர்த்தத்தில் மரமே இல்லை, புல்லின் பக்கத்துச் சொந்தம். ஆண்டு வளையம் போடாது. அந்தப் புள்ளிகள் ஒவ்வொன்றும் ஒரு நார்க்கற்றை, வெளிப்பக்கம் நெருங்கி உள்ளே போகப் போக இடைவெளி விடும். நீளவாக்கில் அறுத்தால் அதே புள்ளிகள் கறுப்பு ஊசிகளாகத் தெரியும். மூன்றாம் படிக்கு முன்பே இதைக் கேட்டிருக்க வேண்டும்: வளையமும் கதிரும் இல்லாமல் புள்ளிகள் மட்டும் இருக்கிறதா?

துளையே தெரியவில்லை, அதனால் ஊசியிலை மரம் என்று மூன்று பேர் முடிவு செய்திருந்தார்கள். ஒருவருடையது உண்மையிலேயே பைன். ஒருவர் நான் செய்த உப்புத்தாள் வேலையைச் செய்திருந்தார். மூன்றாமவருடையது மேப்பிள், அதன் துளைகள் மிகச் சிறியவை, வறண்ட பரப்பில் மறைந்துவிடும். ஈரமாக்கிப் பாருங்கள், அவை உப்புத்தூவியது போலப் பரவித் தெரியும். கூடவே மெல்லிய கதிர்களும் பளிச்சென்று தெரியும்.

படம் அனுப்புகிறவர்கள் தயவுசெய்து மேல்முகத்தை மட்டும் எடுத்து அனுப்பாதீர்கள். பிளேடால் சீவிய குறுக்குவெட்டு, ஈரத்தோடு, பக்கவாட்டு வெளிச்சத்தில், அருகில் மில்லிமீட்டர் அளவுகோல் தெரிய. கைபேசிக் கேமரா முன் அதே பத்து மடங்கு லென்ஸை ஒட்டிப் பிடித்தால் போதும். மலை ரேகை தெரியும் முகத்தின் படம் ஒன்று. 100 கன செ.மீ. துண்டின் எடை. புதிதாகச் சீவியபோது இருந்த நிறம், வாசனை. இவ்வளவு இருந்தால் பார்த்துச் சொல்ல முயல்கிறேன்.